வீட்டு வெப்கேமுக்கு விசிட்டர் பாஸ்!

இந்த வாரம் சுற்றி வளைக்காமல் நேரா விஷயத்துக்கு வந்துடலாம். சூளகிரி பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பிய கேள்வி இது.

"அண்ணா, அப்பா அம்மா ரெண்டு பேரும் ஓசூர் சிப்காட்ல வேலை பார்க்கறாங்க. ஷிஃப்ட் மாறி மாறி வரும். நான் பெங்களூர்ல காலேஜ், ஹாஸ்டல். பகல்ல வீட்ல தாத்தா மட்டும்தான். போன் அடிச்சா எடுக்க மாட்டார். எடுத்தாலும் காது சரியா கேக்காது. பழைய ஆண்ட்ராய்டு போன் ஒண்ணை வெப்கேமா மாத்தி ஹால்ல வெச்சிருக்கேன். வீட்ல இருக்கும்போது லேப்டாப்ல சூப்பரா தெரியுது. ஹாஸ்டல் வந்துட்டா ஒண்ணும் தெரியலை. 'போர்ட் ஃபார்வர்டிங் பண்ணு, வந்துடும்'னு பசங்க சொல்றாங்க. எப்படிப் பண்றது? பண்ணலாமா?"

கவனிச்சீங்களா? 'எப்படி?' என்பது ஒரு கேள்வி. 'பண்ணலாமா?' என்பது இன்னொரு கேள்வி. நம்மில் நிறைய பேர் முதல் கேள்வியோடு நிறுத்திடுவோம். தம்பி ரெண்டாவதையும் கேட்டதுக்கே ஒரு சபாஷ்!

இது அவர் ஒருத்தர் வீட்டுக் கதை இல்லை. கிருஷ்ணகிரி, பர்கூர், ராயக்கோட்டை, கெலமங்கலம்னு எந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் வேண்டுமானாலும் பாருங்க. விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ்ஸுக்கு ஆட்கள் நிற்பாங்க. சிலர் ஓசூரில் இறங்குவாங்க. சிலர் ஜூஜுவாடி எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் போவாங்க. வீட்டில் பெரியவங்க தனியா இருப்பாங்க. தளி, ஜவளகிரி பக்கம் ராகி வயலில் யானை இறங்குதான்னு பார்க்க கேமரா மாட்டலாமான்னு யோசிக்கிற விவசாயிக்கும் இதே கேள்விதான். எனவே ரெண்டு கேள்விக்கும் விலாவாரியா பதில் பார்த்துடலாம்.

காபிக்காகப் பிறந்த கேமரா

உலகத்தின் முதல் வெப்கேம் எதைப் பார்த்தது தெரியுமா? ஒரு காபி ஜாரை! 1991-ல் இங்கிலாந்தின் கேம்ப்ரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் லேபில் 'ட்ரோஜன் ரூம்' என்ற அறைக்கு வெளியே ஒரு காபி மெஷின் இருந்தது. வேறு மாடியில் இருந்தவங்க ஆசையா படியிறங்கி வந்து பார்த்தா, ஜார் காலி! கடுப்பான சிலர் ஒரு கேமராவை ஜாரைப் பார்த்து வெச்சு, நிமிஷத்துக்கு மூணு படம் வீதம் தங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கிற மாதிரி பண்ணினாங்க.

முதல் ரெண்டு வருஷம் அந்தப் படம் லேபுக்குள் மட்டும்தான் தெரிந்தது. 1993 நவம்பரில்தான் இன்டர்நெட்டுக்கு வந்தது. அதுக்கப்புறம் உலகம் முழுக்க ஜனங்க அந்த ஜாரை வேடிக்கை பார்த்தாங்க. 2001 ஆகஸ்ட் 22-ல் கேமராவை அணைச்சாங்க. அந்தப் பழைய மெஷினை ஜெர்மனியின் 'ஸ்பீகல் ஆன்லைன்' 3,350 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது!

இதில் நமக்கு ரெண்டு பாடம் இருக்கு. லேபுக்குள் பார்ப்பதும், லேபுக்கு வெளியே இருந்து பார்ப்பதும் வேற வேற வேலை. அடுத்தது, அந்தக் கேமரா பார்த்தது காபியை, ஆளை இல்லை. இந்த ரெண்டாவது பாடத்துக்குக் கடைசியில் வருவோம்.

மெயின் கேட் செக்யூரிட்டி

உங்க வீட்டு நெட்வொர்க்கை சிப்காட்டில் இருக்கிற ஒரு கம்பெனியா நினைச்சுக்குங்க. உள்ளே பல ஷெட். வெளியே ஒரே விலாசம், ஒரே மெயின் கேட். அந்தக் கேட்டில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டிதான் உங்க ரவுட்டர்.

உள்ளே இருக்கிற ஒவ்வொரு போனுக்கும், லேப்டாப்புக்கும், கேமராவுக்கும் ஒரு நம்பர் உண்டு. 192.168.1.15 மாதிரி. அது ஷெட் நம்பர். உள்ளே மட்டும்தான் செல்லும். இதே நம்பர் உங்க பக்கத்து வீட்டிலும் இருக்கலாம், பாரிஸில் ஒரு வீட்டிலும் இருக்கலாம். வெளியுலகத்துக்குத் தெரிந்தது ரவுட்டரின் பப்ளிக் ஐ.பி. அட்ரஸ் மட்டும்தான்.

உள்ளேருந்து ஆள் வெளியே போனா செக்யூரிட்டி ரெஜிஸ்டரில் குறிச்சுக்குவார். 'ஷெட் 7-லேருந்து யூடியூபுக்கு ஆள் போயிருக்கு'ன்னு. அங்கேருந்து சரக்கு வந்ததும் ரெஜிஸ்டரைப் பார்த்து ஷெட் 7-க்கே அனுப்பிடுவார். யாரும் கூப்பிடாமலே ஒருத்தர் வெளியேருந்து வந்து நின்னா? 'யாரைப் பார்க்கணும்?' ரெஜிஸ்டரில் தகவல் இல்லை. திருப்பி அனுப்பிடுவார். இந்த ஏற்பாட்டுக்குப் பேர்தான் நாட். முழுப் பேர் நெட்வொர்க் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன்.

ஹாஸ்டலில் இருந்து தம்பி கேமராவைத் தேடும்போது நடக்கிறது இதுதான். கேமராவில் கோளாறு இல்லை. செக்யூரிட்டி தன் வேலையைச் சரியா செய்யறார்!

போர்ட் என்பது கவுன்டர் நம்பர். 1 முதல் 65,535 வரைக்கும் உண்டு. தம்பி போட்டிருக்கிற மாதிரி 'ஐ.பி. வெப்கேம்' ஆப் வழக்கமா 8080-ம் நம்பர் கவுன்டரில் உட்காரும். போர்ட் ஃபார்வர்டிங் என்பது செக்யூரிட்டி கையில் நீங்க எழுதிக் கொடுக்கிற நிரந்தர ஆர்டர்: "8080-னு கேட்டு யார் வந்தாலும் ஷெட் 15-க்கு அனுப்பு."

'யார் வந்தாலும்' என்ற ரெண்டு வார்த்தைக்கு அடிக்கோடு போட்டு வெச்சுக்குங்க.

சரி, எப்படிப் பண்றது?

1. முதலில் கேமரா வீட்டுக்குள் ஒழுங்கா வேலை செய்யணும். அதே வை-ஃபையில் இருக்கிற லேப்டாப் பிரவுசரில் 192.168.1.15:8080-னு (உங்க கேமராவின் நம்பரைப் போட்டு) அடிங்க. படம் வரலைன்னா மேலே போகாதீங்க, அதைச் சரி பண்ணுங்க.

2. கேமராவுக்கு நிலையான ஷெட் நம்பர் கொடுங்க. ரவுட்டர் ஒவ்வொரு தடவையும் நம்பரை மாத்திக் கொடுக்கக்கூடும். இன்னிக்கு 15, கரன்ட் போய் வந்தா 18! ஆர்டரில் 15-னு எழுதியிருந்தா வர்றவங்க வேற ஷெட்டுக்குப் போயிடுவாங்க. ரவுட்டர் செட்டிங்ஸில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்'னு ஒரு பகுதி இருக்கும். அதில் அந்த போனுக்கு 15-ஐ ஒதுக்கிடுங்க.

3. ஆப்பில் லாகின், பாஸ்வேர்டு போடுங்க. 'அப்புறம் பார்த்துக்கலாம்' கூடவே கூடாது. ஆர்டர் எழுதறதுக்கு முன்னாடியே ஷெட்டுக்குப் பூட்டு வேணும்.

4. பிரவுசரில் ரவுட்டரின் நம்பரை அடிச்சு உள்ளே போங்க. வழக்கமா 192.168.1.1 அல்லது 192.168.0.1. மெனுவில் 'போர்ட் ஃபார்வர்டிங்'னு இருக்கும். சில கம்பெனி ரவுட்டரில் 'விர்ச்சுவல் சர்வர்', சிலதில் 'நாட்' என்ற தலைப்புக்குள்ளே ஒளிஞ்சிருக்கும். வெளி போர்ட், உள் ஐ.பி., உள் போர்ட்னு மூணு கட்டம் கேட்கும். வெளி போர்ட்டுக்கு 8080, உள் ஐ.பி.க்கு 192.168.1.15, உள் போர்ட்டுக்கு 8080. புரோட்டோகால் டி.சி.பி. சேவ் பண்ணுங்க.

5. உங்க பப்ளிக் ஐ.பி. என்னன்னு கூகுளில் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. இப்போ போனில் வை-ஃபையை அணைச்சுட்டு, மொபைல் டேட்டாவில் அந்த நம்பர், அதுக்குப் பின்னாடி :8080 போட்டுப் பாருங்க. வீட்டு வை-ஃபையிலேயே இருந்துக்கிட்டு வெளி நம்பரைப் போட்டா பல ரவுட்டர்கள் குழம்பிடும். 'வரலையே'ன்னு பாதி ராத்திரி முழிச்சிருக்க வேண்டாம்!

6. பப்ளிக் ஐ.பி.யும் அடிக்கடி மாறும். அதுக்கு டைனமிக் டி.என்.எஸ். என்று ஒரு வசதி. நம்பர் எத்தனை தடவை மாறினாலும் ஒரே பேர் சொல்லிக் கூப்பிடலாம். இந்த வசதியில் ஒரு காலத்து ஹீரோவான டைன்டி.என்.எஸ். 2014-ல் இலவச சேவையை நிறுத்திடுச்சு. டக்டி.என்.எஸ். மாதிரி சிலது இலவசமா கிடைக்குது.

அவ்ளோதான் மேட்டர்.

"எல்லாம் பண்ணிட்டேன், வரவே இல்லை!"

இப்படி ஒரு கூட்டமே சொல்லும். காரணம் பெரும்பாலும் உங்க கையில் இல்லை.

பழைய முறை ஐ.பி. நம்பர்கள் மொத்தமே சுமார் 429 கோடிதான். உலகத்தில் இருக்கிற போன், லேப்டாப், டி.வி., கேமரா எல்லாத்துக்கும் எப்படிப் போதும்? 2011 பிப்ரவரியில் உலகக் கையிருப்பின் கடைசிப் பங்கும் பிரிச்சுக் கொடுக்கப்பட்டது. ஆசிய-பசிபிக் பகுதியின் தாராள விநியோகமும் அதே வருஷம் ஏப்ரலில் முடிஞ்சுது.

எனவே இன்டர்நெட் கம்பெனிகள் ஒரு பப்ளிக் நம்பரைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்குது. இதுக்கு 'கேரியர் கிரேடு நாட்'னு பேர். நம்ம கணக்கில் சொன்னா, உங்க கம்பெனி கேட்டுக்கு வெளியே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கே ஒரு பெரிய கேட். அங்கே இருக்கிற செக்யூரிட்டி உங்க ஆள் இல்லை. உங்க ஆர்டர் அவர்கிட்டே செல்லாது. வர்றவங்களை அங்கேயே திருப்பிடுவார்.

கண்டுபிடிக்க ஈஸியான வழி இருக்கு. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வேன் ஐ.பி.'ன்னு ஒரு நம்பர் காட்டும். கூகுள் சொன்ன நம்பரும் அதுவும் ஒண்ணா இருந்தா, நீங்க பப்ளிக். வேற வேறயா இருந்தா, அதிலும் ரவுட்டர் காட்டும் நம்பர் 100.64-லிருந்து 100.127-க்குள் ஆரம்பிச்சா, எஸ்டேட் கேட்டுக்குள்ளே இருக்கீங்க. 4ஜி, 5ஜி ஹாட்ஸ்பாட்டில் வீட்டு நெட் ஓட்டறவங்களுக்கு இது ரொம்ப சகஜம். கம்பெனியில் கேட்டா சில இடங்களில் கூடுதல் கட்டணத்துக்கு நிலையான பப்ளிக் ஐ.பி. கொடுப்பாங்க.

ஆனா அந்தப் பணத்தைக் கட்டறதுக்கு முன்னாடி, அடுத்த பகுதியைப் படிச்சுடுங்க ப்ளீஸ்!

யார் வந்தாலும்...

இப்போ தம்பியின் ரெண்டாவது கேள்வி. பண்ணலாமா?

"சூளகிரியில் இருக்கிற என் வீட்டு ஐ.பி. நம்பர் யாருக்குத் தெரியப்போகுது?"ன்னு கேட்பீங்க. யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமே இல்லை! 2013-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 'இசட்மேப்'னு ஒரு புரோகிராம் வெளியிட்டாங்க. ஒரே ஒரு கம்ப்யூட்டரும் ஒரு கிகாபிட் இணைப்பும் இருந்தா, உலகத்தில் இருக்கிற அத்தனை ஐ.பி.வி4 நம்பர்களின் ஒரு கவுன்டரையும் 45 நிமிஷத்துக்குள் தட்டிப் பார்த்துடலாம்னு காட்டினாங்க. ஒரு கிளாஸ் பீரியட் நேரம்தான்! 2009-லிருந்து 'ஷோடான்'னு ஒரு தேடல் தளமே இருக்கு. கூகுள் வெப் பக்கங்களைத் தேடும். ஷோடான் இன்டர்நெட்டில் திறந்து கிடக்கிற மெஷின்களைத் தேடும்.

எனவே 8080-க்குப் பதிலா 48123-னு போர்ட்டை மாத்தி வெச்சா போதும்னு நினைக்காதீங்க. பின்பக்கக் கேட்டைத் திறந்து வெச்ச மாதிரிதான். வர்ற கூட்டம் குறையும், பூட்டு இருக்காது.

2016-ல் 'மிராய்'னு ஒரு வைரஸ் கிளம்பிச்சு. அதோட டெக்னிக் ரொம்ப சிம்பிள். திறந்து கிடக்கிற கேமரா, டி.வி.ஆர்., ரவுட்டரைத் தேடிப் போகும். கம்பெனியிலேயே போட்டு அனுப்பற 60-க்கும் மேற்பட்ட யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடிகளைப் போட்டுப் பார்க்கும். திறந்துக்கிட்டா, அந்த மெஷின் அதோட அடிமை. வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாது, கேமராவும் வழக்கம்போல ஓடும். அப்படிச் சேர்த்த படையை வெச்சு 2016 அக்டோபர் 21-ல் அமெரிக்காவின் 'டைன்' கம்பெனியைத் தாக்கினப்போ ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல பெரிய தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. மிராயை எழுதினது யாருன்னு பார்த்தா, காலேஜ் வயசில் இருந்த மூணு அமெரிக்கப் பசங்க! மைன்கிராஃப்ட் கேம் சர்வர் போட்டியில் ஆரம்பிச்ச வேலை. 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கிட்டாங்க. திறமை இருந்தும் தப்பான ரூட்டில் போனா என்ன ஆகும் என்பதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இது மெஷின் கெட்டுப்போன கதை. மனுஷங்க பாதிக்கப்பட்ட கதை நம்ம நாட்டிலேயே இருக்கு. 2025 பிப்ரவரியில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சி.சி.டி.வி. காட்சிகள் வெளியே வந்தன. டாக்டர் பரிசோதிக்கும் பெண்களின் வீடியோக்கள். யூடியூபில் முன்னோட்டம் போட்டு, டெலிகிராமில் விலைக்கு விற்றிருக்காங்க. அந்தக் கேமரா சிஸ்டத்தில் 'அட்மின்123' மாதிரி கம்பெனி போட்ட பாஸ்வேர்டே மாத்தாமல் கிடந்ததுன்னு பின்னாடி செய்திகள் வந்தன. கேமராவை மாட்டினது பாதுகாப்புக்கு. விலை கொடுத்தது யார்? பாஸ்வேர்டை மாத்தாதவங்க இல்லை. கேமராவுக்கு முன்னாடி படுத்திருந்த பெண்கள்!

இன்னொரு சிக்கல். தம்பி வெச்சிருக்கிற மாதிரி ஆப்கள் சாதாரண முறையில் படத்தை அனுப்பும். நடுவில் இருக்கிறவங்க படிக்க முடியாதபடி சங்கேதமாக்கி அனுப்பாது. அதாவது, ஹாஸ்டல் வை-ஃபையில் உட்கார்ந்து நீங்க பாஸ்வேர்டு போட்டா, அது உறை இல்லாத போஸ்ட் கார்டு மாதிரி போகும்.

அப்போ என்னதான் பண்றது?

கேட்டைத் திறந்து வைக்காம, உங்களுக்கு மட்டும் ஐ.டி. கார்டு அடிச்சுக்குங்க. அதுதான் வி.பி.என்.

வி.பி.என்.னு சொன்னதும் தடை பண்ண சைட்டைப் பார்க்கற சமாசாரம்னு நினைக்காதீங்க. அதோட அசல் வேலை, தூரத்தில் இருக்கிற ரெண்டு மெஷினை ஒரே வீட்டுக்குள்ளே இருக்கிற மாதிரி ரகசியமா இணைக்கிறது. 'வயர்கார்டு'னு ஒரு இலவச சாஃப்ட்வேர் 2020-ல் லினக்ஸுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. அதுக்கும் ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறக்கணும். ஆனா வித்தியாசம் இருக்கு. சரியான சாவி இல்லாமல் யார் வந்து தட்டினாலும் அது பதிலே பேசாது. தட்டினவனுக்கு அங்கே கதவு இருக்கிறதே தெரியாது!

எஸ்டேட் கேட்டுக்குள்ளே மாட்டிக்கிட்டவங்களுக்கு 'டெயில்ஸ்கேல்' மாதிரி சேவைகள் இருக்கு. வயர்கார்டை அடிப்படையா வெச்சுதான் ஓடுது. தனிநபர் உபயோகத்துக்கு இலவசத் திட்டம் உண்டு. கேமரா போனிலும், ஹாஸ்டல் லேப்டாப்பிலும் போட்டு ஒரே அக்கவுன்ட்டில் நுழைஞ்சா போதும். ரெண்டுமே உள்ளேருந்து வெளியே போய் சந்திச்சுக்கும். செக்யூரிட்டிக்கு ஆர்டர் எழுதவே வேண்டாம். பப்ளிக் ஐ.பி.க்குப் பணமும் வேண்டாம். அது கொடுக்கிற நம்பரும் 100-ல்தான் ஆரம்பிக்கும், அதைப் பார்த்துக் குழம்பாதீங்க. அந்த அக்கவுன்ட்டுக்கு ரெண்டு கட்டப் பாதுகாப்பு போட மறக்காதீங்க. போன் ரொம்பப் பழசா இருந்து ஆப் ஓடலைன்னா, வீட்டில் இருக்கிற வேற கம்ப்யூட்டரில் போட்டு அதன் வழியா கேமராவை எட்டலாம்.

ரெடிமேடா கேமரா வாங்கறீங்களா? கடையில் கிடைக்கிற வை-ஃபை கேமராக்கள் தங்கள் கம்பெனி சர்வருக்குத் தாங்களே போன் பண்ணிப் பேசும். எனவே போர்ட் வேலை எதுவும் இல்லை. ஆனா உங்க வீட்டுப் படம் அந்தக் கம்பெனியை நம்பிப் போகுது. 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கப்படும் சி.சி.டி.வி. கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறணும்னு மத்திய அரசு விதி இருக்கு. விலை மட்டும் பார்க்காமல் அந்தச் சான்றையும் கேட்டு வாங்குங்க.

போர்ட் ஃபார்வர்டிங்கே பண்ணுவேன்னு அடம்பிடிக்கிறவங்களுக்கு ஒரு செக் லிஸ்ட்:

* கேமரா, ரவுட்டர் ரெண்டிலும் கம்பெனி பாஸ்வேர்டை மாத்துங்க. ரெண்டுக்கும் வேற வேற, நீளமா.

* ரவுட்டரில் 'ரிமோட் மேனேஜ்மென்ட்'டை அணைங்க. செக்யூரிட்டியின் சாவிக்கொத்தை ரோட்டில் போடாதீங்க.

* 'யு.பி.என்.பி.' என்ற வசதியையும் அணைங்க. அது ஆன்-ல இருந்தா, உள்ளே இருக்கிற எந்த மெஷினும் உங்களைக் கேக்காமலே கேட்டைத் திறக்கச் சொல்லலாம். நீங்க ஒரு ஆர்டரும் எழுதலைன்னாலும் லிஸ்ட்டை ஒரு தடவை திறந்து பாருங்க.

* ஃபர்ம்வேர் அப்டேட் வந்தா போடுங்க. அப்டேட்டே வராத பழைய கேமராவை வெளியே காட்டாதீங்க.

* வேலை முடிஞ்சதும் ஆர்டரை அழிச்சுடுங்க. செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்கு வந்துட்டீங்க, கேட் யாருக்குத் திறந்திருக்கு?

தாத்தாகிட்ட கேட்டீங்களா?

இப்போ அந்தக் காபி ஜாருக்கு வருவோம். ஜாருக்கு வெட்கம் கிடையாது. தாத்தாவுக்கு உண்டு!

வெயில் காலத்தில் மதியம் சட்டையில்லாம கால் நீட்டிப் படுப்பார். வேட்டி மாத்துவார். ஹால்தானே, தன் வீடுதானே என்ற நிம்மதியில் இருப்பார். பேரன் பார்க்கிறான்னு தெரிஞ்சா ஒருவேளை சந்தோஷப்படுவார், ஒருவேளை கூச்சப்படுவார். ரெண்டில் எதுன்னு அவர்கிட்ட கேட்டாத்தான் தெரியும். காது கேக்கலைன்னா கிட்ட உட்கார்ந்து, லேப்டாப்பில் அவர் உருவத்தையே காட்டி, "தாத்தா, காலேஜ்லேருந்து உங்களை இப்படித்தான் பார்ப்பேன், பரவாயில்லையா?"ன்னு கேளுங்க. வேண்டாம்னா வேண்டாம்தான்.

சரின்னு சொன்னாலும் கேமராவைக் கட்டிலைப் பார்த்து வைக்காதீங்க. வாசலையோ, ஹாலில் அவர் நடந்து போற பாதையையோ பார்த்து வெச்சா போதும். காலையில் எழுந்தாரா, மதியம் சாப்பிட அடுப்படிக்குப் போனாரான்னு தெரிஞ்சா உங்க கவலை தீர்ந்தது. அவர் கையெட்டற இடத்தில் ஒரு துண்டு இருக்கட்டும். வேண்டாத நேரத்தில் கேமரா மேல போட்டு மூடிக்க அவருக்கு உரிமை உண்டு. மூடியிருந்தா கோவிச்சுக்காதீங்க, போன் பண்ணுங்க. பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒரு எட்டு பார்க்கச் சொல்லுங்க.

ரூம் ஷேர் பண்ணித் தங்கற ஃப்ரெண்ட்ஸுக்கும் இதையே சொல்றேன். லேப்டாப் திருடு போகுதுன்னு பி.ஜி. ரூமில் கேமரா வைக்கிறதுன்னா, அந்த ரூமில் இருக்கிற அத்தனை பேரும் சம்மதிக்கணும். ஒருத்தர் வேண்டாம்னாலும் வைக்கக்கூடாது. பீரோவுக்குப் பூட்டு வாங்குங்க. ஓசூர் பக்கம் இதைத் தனியா சொல்ல வேண்டியதில்லை. 2025 நவம்பரில் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா கண்டுபிடிக்கப்பட்டு, பெண்கள் திரண்டு போராடினாங்க. போலீஸ் கைது செய்தது. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து நிம்மதியா குளிக்கிற இடத்திலும் சுவரை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்குன்னா, அந்தப் பயம் எப்படிப்பட்டதுன்னு யோசிச்சுப் பாருங்க.

சட்டமும் சும்மா இல்லை. சம்மதம் இல்லாமல் ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படம் பிடிப்பதும், வெளியிடுவதும், அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஈ பிரிவில் குற்றம். மூணு வருஷம் வரை சிறை அல்லது ரெண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே மாதிரி, 'திறந்துதானே கிடக்குது'ன்னு அடுத்தவர் கேமராவுக்குள் புகுந்து பார்க்கிறதும் விளையாட்டு இல்லை. அனுமதி இல்லாமல் அடுத்தவர் சிஸ்டத்தில் நுழைவதும் அதே சட்டத்தில் குற்றம்தான்.

சின்னச் சின்ன டிப்ஸ்

* 1 எம்.பி.பி.எஸ். வேகத்தில் வீடியோ ஓடினா, ஒரு மணி நேரத்துக்கு சுமார் 450 எம்.பி. காலியாகும். ஹாஸ்டலில் மொபைல் டேட்டாவில் பார்க்கிறவங்க தரத்தைக் குறைச்சு வைங்க. தாத்தாவை ஹெச்.டி.யில் பார்க்க வேண்டியதில்லை!

* பழைய போனை நாள் முழுக்க சார்ஜரிலேயே வெச்சா பேட்டரி உப்பும். மெத்தை, துணி, திரைச்சீலை பக்கம் வைக்காதீங்க. மாசம் ஒருமுறை பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்க. உப்பியிருந்தா உடனே தூக்கிடுங்க.

* கரன்ட் போனா ரவுட்டரும் அணையும். படம் வரலைன்னதும் பதறாதீங்க. முதலில் வீட்டுக்கு ஒரு போன்.

ஆக தம்பி, உங்களுக்கு என் பதில் இதுதான். போர்ட் ஃபார்வர்டிங்கைக் கண்டிப்பா கத்துக்குங்க. நெட்வொர்க்கிங் பாடத்தில் வரும், இன்டர்வியூவில் கேட்பாங்க. கேமராவைக் காபி டம்ளர் பக்கம் திருப்பி வெச்சு, அரை மணி நேரம் திறந்து பார்த்துட்டு மூடிடுங்க. தாத்தா இருக்கிற ஹாலுக்கு மட்டும் அந்த ரூட் வேண்டாம். அங்கே வி.பி.என்., அதுவும் அவர் சரின்னு சொன்னதுக்கு அப்புறம்!

அடுத்த வாரம்: வீட்டு வை-ஃபையில் உங்களுக்குத் தெரியாமல் யார் யார் ஒட்டிக்கிட்டு இருக்காங்கன்னு கண்டுபிடிக்கிறது எப்படி? அதுவரைக்கும் உங்க ரவுட்டர் பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்'தானான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. பை!